மேலே உள்ள பத்துக் கடைகள்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சந்தை திறக்கும். அதற்குள் ஸிந்துஜா குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். பால்காரனுக்குக் கதவு திறக்க அம்மா போகிற சத்தம் கேட்கும். திரையில் இன்னும் போன வாரத்துச் சந்தைதான் இருக்கும். பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிந்திப் போட்டால் போச்சு, வருவதற்கு ஆளே இருக்காது.

சந்தை என்றதும் கத்தரிக்காயும் கருவாடும் விற்கிற சந்தையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வலைப்பூ எழுதுகிறவர்கள் கூடுகிற சந்தை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் பஞ்சாட்சரம் என்பவர் 'ஊர்க்கிணறு' என்று ஒரு வலைப்பூ நடத்திவந்தார். வெள்ளி தோறும் 'கடை விரியுங்கள்' என்று ஒரு பதிவு போடுவார். அதன் கீழே அவரவர் அந்த வாரம் எழுதியதற்கான சுட்டியைப் போட வேண்டும். போட்டுவிட்டு, தன் சுட்டிக்கு மேலே உள்ள பத்துக் கடைகளுக்கும் போய் ஒரு வார்த்தை எழுதிவிட்டு வர வேண்டும். எழுதாதவர்களுக்கு அடுத்த வாரம் இடமில்லை. கல்யாணத்து மொய்தான், வேறென்ன. நீ எனக்கு வைத்தால் நான் உனக்கு வைப்பேன். பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அப்படித்தான் புது வலைப்பூக்கள் எல்லாம் ஆள் சேர்த்து வளர்ந்தன.

ஸிந்துஜாவின் கடையில் ஒரே சரக்குதான் இருந்தது. காணாமல் போன தம்பி.

ப்ரஹ்லாதுக்கு இருபத்து நாலு வயது. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் மனசு கலைந்து, படிப்பு நின்று, மாத்திரையும் தூக்கமுமாகச் சின்னக் காஞ்சிபுரத்து வீட்டில் கிடந்தான். ஒன்று மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. அப்பா சக்ரவர்த்தியோடு பெருமாள் வீதிப் புறப்பாட்டுக்குப் போய், பாசுரம் சொல்லிக்கொண்டு முன்னால் நடக்கிற கோஷ்டியில் சேர்ந்து சேவிப்பான். அந்த நாட்களில் கண்ணில் ஒரு தெளிவு இருக்கும், சாப்பாடும் ஒழுங்காக இறங்கும். இரண்டாயிரத்து எட்டு ஆனி மாசத்தில் ஒரு புறப்பாட்டின்போது வீதி முனையில் கோஷ்டி திரும்பியது, இவன் திரும்பவில்லை. நேரே நடந்துகொண்டே போனான். அப்பா பார்த்தார். பாசுரம் பாதியில் இருந்தது, பின்னால் பெருமாள் வந்துகொண்டிருந்தார், நடுவில் விட்டுவிட்டு ஓட முடியாது. தண்ணீர் குடிக்கப் போகிறான், வந்துவிடுவான் என்று நினைத்தார். அதற்கப்புறம் அவன் வரவில்லை.

போலீஸில் புகார் கொடுத்ததோடு சரி. பேப்பரில் படம் போட அப்பா ஒப்பவில்லை. "பையன் புனேல ஒரு கம்பெனில சேந்திருக்கான்" என்று தெருவில் சொல்லி வைத்துவிட்டார். பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம், தம்பிக்குப் புத்தி சரியில்லை என்று தெரிந்தால் எவன் வாசல்படி ஏறுவான் என்பது அவர் கணக்கு. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் வேண்டியிருந்தது. தீபாவளிக்கு ஏன் வரவில்லை, போன் நம்பர் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் தயார் பண்ண வேண்டியிருந்தது. அந்தக் கோபம் ஸிந்துஜாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை. காந்தி ரோட்டில் ஆடிட்டர் ஆபீஸில் நாளெல்லாம் அடுத்தவன் வரவு செலவைத் தட்டச்சு செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தம்பியின் கம்ப்யூட்டர் துணி போர்த்தியபடி இருக்கும். அந்தத் துணியை எடுத்தவள் அவள்தான்.

வலைப்பூ தொடங்கப் போகிறேன் என்றபோது அப்பா ஈஸிசேரிலிருந்து நிமிரவில்லை.

"போட்டோ போடறதுன்னா போடு. அவன் பேர் வேண்டாம், என் பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். கோயிலைப் பத்தி மூச்சு விடப்படாது."

"அப்போ யாருன்னு சொல்லித் தேடறதுப்பா?"

"பாத்தா தெரிஞ்சுடும். நம்ம கொழந்தையைப் பாத்தா தெரியாதா?"

முதலில் 'காணவில்லை' என்றே பெயர் வைத்தாள். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. வந்தவர்கள் கணக்கைக் காட்டுகிற பெட்டியில் இருந்த எண் முக்கால்வாசி அவளே திறந்து பார்த்தது. சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருந்த சித்தப்பா பெண் லக்ஷணாதான் போனில் வழி சொன்னாள். "காணவில்லைன்னு போர்டு மாட்டினா எவன்டி உள்ள வருவான்? ஜாலியா ஏதாவது எழுது. வர்றவா கண்ணுல போட்டோ படட்டும். வெள்ளிக்கிழமை சந்தைன்னு ஒண்ணு நடக்கறது, அதுல போய் லிங்க்கைப் போடு." அவளே 'தம்பியுடையாள்' என்று பெயரும் வைத்துக் கொடுத்தாள். பக்கத்தின் தலைமாட்டில் ப்ரஹ்லாதின் படமும் ஸிந்துஜாவின் கைப்பேசி எண்ணும் எப்போதும் இருக்கும். கீழே வாரம் ஒரு கதை.

எழுத எழுதத்தான் தெரிந்தது, தம்பியைப் பற்றி அவளிடம் எவ்வளவு இருக்கிறது என்று. ஐந்து வயதில் கோயில் யானையை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டது, பரீட்சையில் தெரியாத கேள்விக்கு நேரே 'அடியேன்' என்று எழுதிவிட்டு வந்தது, புதுச் செருப்பை யாரோ திருடிப்போனதற்கு, 'அவனுக்குக் கால் கடிக்குமே' என்று அழுதது. படித்தவர்கள் சிரித்தார்கள். யானைக் கதைக்குப் பின்னூட்டம் குவிந்துகொண்டே போனது. அன்றைக்கு ஆபீஸில் அவள் முகமே வேறாக இருந்தது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான், காலையிலிருந்து தம்பி எங்கே சாப்பிட்டிருப்பான் என்று தான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது உறைத்தது. சோறு இறங்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்னும் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மேலே உள்ள பத்துக் கடைகளுக்குப் போகிற வேலையை அவள் சீக்கிரமே பழகிக்கொண்டாள். எட்டரைக்கு ஆபீஸ் பஸ். அதற்குள் பத்துப் பேருக்கும் மொய் வைத்தாக வேண்டும். நாலைந்து வாக்கியங்களை எழுதித் தயாராக வைத்திருந்தாள். அருமையான பகிர்வு. மனதைத் தொட்டது, தொடருங்கள். படம் இருந்தால், படம் அழகு. கவிதையாக இருந்தால், கடைசி வரி நச். தலைப்பைப் பார்த்து எது பொருந்துமோ அதை எடுத்து ஒட்டிவிட்டு, 'நேரமிருந்தால் நம்ம பக்கமும் வாங்க' என்று முடிப்பாள். பாவம், அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளுக்கு வேண்டியது ஆட்கள். எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை கண். அதில் ஒரு கண் போதும்.

தை மாசம் வந்துவிட்டது. ஒரு போன் வரவில்லை. வந்த இரண்டும் கடன் அட்டை வேண்டுமா என்று கேட்டவை. பொங்கல் வாரத்துப் பதிவில், அப்பா சொன்னதை மீறி ஒரு வரி நழுவிவிட்டது. தூக்கம் வராதபோது தம்பி தனியாக உட்கார்ந்து பாசுரம் சொல்லிக்கொண்டிருப்பான் என்று எழுதியிருந்தாள். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. காப்பியும் கையுமாகத் திறந்து பார்த்தபோது, கனடாவிலிருந்து மயில்வாகனம் எழுதியிருந்தார். சந்தைக்கு வருகிறவர்களில் கடை இல்லாத ஒரே ஆள் அவர். சொந்தமாக எதுவும் எழுதுவதில்லை, எல்லாருடையதையும் வாசிப்பார்.

'தங்கச்சி, படத்தில் உள்ள தம்பியை நீங்கள் உண்மையாகவே தேடுகிறீர்களோ? நான் இதுவரை கதைக்காக எண்டு நினைச்சன். பாசுரம் எண்டதும் ஒரு விசயம் ஞாபகம் வந்தது. ஐப்பசியில் அர்ஜுனன் எண்டவர் தன்ர ஊர் பஸ் நிலையத்தில் இருக்கிற ஒருவரைப் பற்றி எழுதினவர். அவரோ தெரியாது. ஒருக்கால் பாருங்கோ.'

கீழே சுட்டி இருந்தது. போகாத பக்கத்தின் சுட்டி நீலமாக இருக்கும், ஒரு தடவை போய்வந்தால் ஊதாவாகிவிடும். இது ஊதாவாக இருந்தது. அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. இந்த வீட்டில் அவளைத் தவிர இந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் யாரும் இல்லை.

'பாலாற்று மணல்' என்ற வலைப்பூ அது. எழுதுகிறவர் அர்ஜுனன், வாலாஜாபாத்தில் செல்போன் கடை. வாலாஜாபாத் என்ன காசியா ராமேஸ்வரமா? இங்கே பஸ் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் ஊர். அவர் எழுதியிருந்தது பெரிய பதிவும் இல்லை.

'எங்கள் பேருந்து நிலையத்தில் பூட்டிக் கிடக்கும் உரக்கடைப் படியில் ஒரு மாதமாக ஒருவர் இருக்கிறார். சின்ன வயதுதான். யாரிடமும் கை நீட்டுவதில்லை. என் அம்மா கொடுத்தால் சாப்பிடுவார். சாமி பாட்டுச் சொல்கிறார். ஆனால் பாவம், பாதி மறந்துவிட்டது போல. இரண்டு வரி சொல்வார், நிறுத்திவிடுவார். இரண்டு வரி சொல்கிற நேரம் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருப்பார். பிறகு வேறு எங்கிருந்தோ இரண்டு வரி சொல்வார். எதை மறந்தார், எதை நினைவில் வைத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.'

ஸிந்துஜாவுக்கு விளங்கியது. அவன் எதையும் மறக்கவில்லை. கோஷ்டியில் எதிரெதிராக இரண்டு வரிசை. ஒரு வரிசை இரண்டு அடி சொல்லி நிறுத்தும், எதிர் வரிசை அடுத்த இரண்டு அடியை எடுக்கும். பூணூல் போட்ட நாளிலிருந்து ப்ரஹ்லாத் நின்றது ஒரு வரிசை, அப்பா நின்றது எதிர் வரிசை. அவன் தன் பங்கைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறான். இந்தத் தெருவில் ஒரு பிள்ளையிடம் காட்டினாலும் சொல்லிவிடும்.

பதிவுக்குக் கீழே ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். மூன்றாவதாக அவள்.

'மனதைத் தொட்டது, தொடருங்கள். நேரமிருந்தால் நம்ம பக்கமும் வாங்க.' அதற்குக் கீழே அர்ஜுனனின் பதில்: 'நன்றி சகோதரி. வந்து பார்த்துட்டேன். அருமை.'

அவள் தன் பக்கத்துக்குப் போய் ஐப்பசியைத் திறந்தாள். அர்ஜுனன் வந்திருந்தார். 'அருமை சகோதரி, வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார். ப்ரஹ்லாதின் படத்துக்கு ஒரு ஜாண் கீழே அந்த வரி இருந்தது. அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

அர்ஜுனனின் எண் அவர் பக்கத்திலேயே இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தார். யார் என்று சொல்லி, படத்தைத் திறந்து பார்க்கச் சொன்னாள். அந்தப் பக்கம் கடையில் யாரோ ரீசார்ஜ் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இவருதாம்மா" என்றார் அர்ஜுனன். "தாடி இல்ல, அவ்ளோதான். இவரேதான்."

"இப்போ எங்க இருக்கான்?"

"இல்லம்மா. கார்த்திகை மழைல நானும் எங்கம்மாவும் வூட்ட வுட்டு வெளிய வர முடியல. முட்டி வரைக்கும் தண்ணி. வெறிச்சப்புறம் சோறு எடுத்துக்கினு போய்ப் பாத்தா ஆளு இல்ல. ஸ்டேஷன்ல நனைஞ்சிக்கினு உக்காந்திருந்தார்னு ஒருத்தன் சொன்னான். எந்த ரயிலு, எந்தப் பக்கம், ஒண்ணும் தெரில. ஆஸ்பத்திரில கூட போய்க் கேட்டேன்மா."

அவள் கையருகே கிடந்த தாளில் 'ஸ்டேஷன்' என்று எழுதினாள்.

"உங்க பக்கத்துக்கு நான் வந்துக்கினுதான் இருந்தேன்மா. நெட்டு ஸ்லோவா இருக்குதுன்னு படம் வராத மாதிரி வச்சிருந்தேன். கடைல ஆளு நின்னுக்கினு இருப்பாங்க. கீழ எறங்கி ரெண்டு வார்த்த எழுதிட்டு... நான் தெனம் பாத்த ஆளும்மா அவரு."

"நானும்தான் உங்க பக்கத்துக்கு வந்தேன்" என்றாள் ஸிந்துஜா. யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் இருவரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தன் மொய் உட்பட. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் திருப்பித் திட்டலாம், கோயிலையும் பாசுரத்தையும் எழுதவிட்டிருந்தால் மயில்வாகனம் ஐப்பசியிலேயே சொல்லியிருப்பார் என்று கத்தலாம் என்று வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தாள். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

வாலாஜாபாத்தில் அந்த உரக்கடைப் படி வெறும் மூன்று முழம் அகலம். மேலே தகரம் பாதி பெயர்ந்திருந்தது. இப்போது அங்கே ஒரு கிழவர் பூட்டு ரிப்பேர் சாமான்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். அர்ஜுனனின் அம்மா அங்கம்மாள் வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். அப்பாவின் நெற்றித் திருமண்ணைப் பார்த்து ஒரு அடி தள்ளியே நின்று பேசினாள்.

"நல்ல புள்ள சாமி. துன்ன தட்ட கழுவித்தான் குடுக்கும். மொதல்ல துன்ன மாட்டேன்னுச்சு. வெங்காயம் போடாம தயிரு சோறு எடுத்தாந்தேன், அதத் துன்னுச்சு."

"சேவிக்கறச்சே..." என்று தொடங்கி அப்பா நிறுத்திக்கொண்டார். "பாட்டுச் சொல்றச்சே நீங்க பக்கத்துல இருந்திருக்கேளா?"

"இருந்துக்கிறேனே. சொல்லும், நிறுத்தும். எதுத்தாப்புல யாரோ கீறா மாதிரியே பாக்கும். நீ ஏதாவது சொல்லுன்னு என்னக் கையக் காட்டும். எனக்கு இன்னா சாமி தெரியும்? நான் சிரிச்சிக்கினு சும்மா இருப்பேன்."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ரயில் நிலையத்துக்குப் போனார்கள். போர்ட்டர், டீக்கடை, டிக்கெட் கொடுக்கிறவர் எல்லாரிடமும் படத்தைக் காட்டினார் அப்பா. அவரே காட்டினார். "என் பையன், பேர் ப்ரஹ்லாத், கொஞ்சம் மனசு சரியில்லை" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்பது ஸிந்துஜாவுக்கு அதுதான் முதல் தடவை. யாருக்கும் தெரியவில்லை. பஸ் ஏறும்போது அர்ஜுனன் ஒரு கவரில் துவைத்து மடித்த துண்டு ஒன்றைக் கொடுத்தார். அவன் போனபிறகு படியில் கிடந்ததாம்.

வீட்டில் அம்மா சூடாமணி அந்தத் துண்டை வாங்கி மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. "மெலிஞ்சிருந்தானாமா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நன்னா சாப்பிட்டானாம்" என்றாள் ஸிந்துஜா. அம்மா அதை நம்பினாளா என்று தெரியவில்லை, எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அடுத்த பதிவை அப்பா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். பெயர், அப்பாவின் பெயர், தெரு, கோயில், என்ன வியாதி, என்ன மாத்திரை. இரண்டு அடி சொல்வான், இரண்டு அடிக்கு நிறுத்துவான், அப்படி ஒருவரைப் பார்த்தால் உடனே கூப்பிடவும். வாலாஜாபாத்திலிருந்து எந்தப் பக்கமும் போயிருக்கலாம். புனே பொய் அன்றைக்கே தெருவில் உடைந்தது. எதிர்வீட்டு ஆதிகேசவன் வந்து அப்பாவிடம் வெகுநேரம் பேசிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சந்தை திறந்தது. சுட்டியைப் போட்டாள். காப்பி ஆறுவதற்குள் முதல் பின்னூட்டம் வந்துவிட்டது. 'அருமையான பகிர்வு. வாழ்த்துகள்.' அடுத்தது, 'மனதைத் தொட்டது. நம்ம பக்கமும் வாங்க.' அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எந்த முகத்தை வைத்துக்கொள்வாள்?

அப்பா முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆபீஸுக்கு லீவு சொல்லியிருந்தாள்.

"எத்தனை கடை?"

"மேல பத்து."

"கீழ?"

"கீழ வந்துண்டே இருக்கும்ப்பா."

"எல்லாத்தையும் படி. உரக்கப் படி."

முதல் கடையில் ஒருவர் மகளின் முதல் பல் விழுந்ததைப் பற்றி எழுதியிருந்தார். அதைப் படித்து முடித்தாள். இரண்டாவது கடையில் தோஹாவிலிருந்து ஒரு பெண்மணி தக்காளித் தொக்கு செய்முறை போட்டிருந்தாள். நாட்டுத் தக்காளி, காய்ந்த மிளகாய், பெருங்காயம். எண்ணெய் பிரிந்து வரும்வரை அடுப்பைச் சிறிதாக வைத்துக் கிளறவும் என்ற இடத்தில் ஸிந்துஜாவின் குரல் நின்றது.

"இதுல ஒண்ணும் இல்லப்பா. வெறும் தொக்கு."

"கடைசி வரைக்கும் படிம்மா."

அவள் படித்தாள். ஆறிய பிறகு ஈரமில்லாத பாட்டிலில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தது. அதன் கீழே, தன் மாமியார் இதில் வெல்லம் சேர்ப்பாள் என்றும் தனக்கு அது பிடிக்காது என்றும் இரண்டு பத்தி எழுதியிருந்தாள் அந்தப் பெண்மணி. அதையும் படித்தாள். அம்மா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா தலையைக் குனிந்தபடி வெல்லத்தைப் பற்றிய வரிகளைக் கேட்டு முடித்தார்.

"அடுத்தது" என்றார்.